மூன்று விநாடிக்கு அப்புறம் மட்டும்தான்

கார் வைத்திருப்பவர்கள் ஓர் இனம். காரை நிறுத்தி வைத்திருப்பவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தாரைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அவர்கள் காலையில் கிளம்பிப் போய்விடுவார்கள், பிடித்து வைத்துப் பேச முடியாது. இரண்டாவது இனத்தாரை எந்த நேரத்திலும் பார்க்கலாம். வீட்டோரத்துத் தகர ஷெட்டின் நிழலில், சாம்பல் நிற உறை போர்த்திய ஒரு பெரிய மூட்டைக்குப் பக்கத்தில், இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருப்பார்கள். "உள்ள என்ன சார்?" என்று தப்பித்தவறிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்களுக்கு உட்கார நாற்காலி வந்துவிடும்.

இவர்களை அடையாளம் காண ஒரே ஒரு சொல் போதும். மட்டும்தான்.

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பேட்டரி மட்டும்தான்."

ஒரு வருடம் கழித்து அதே மனிதரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "டயர் மட்டும்தான்" என்பார். பேட்டரி என்ன ஆயிற்று என்று கேட்டால், அதுவும்தான், ஆனால் அது ஒரு விஷயமே இல்லை என்பார். பெட்ரோல் மட்டும்தான், ஒயர் மட்டும்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஒரு காரில் இருக்கும் அத்தனை பாகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஹாரன். அது நன்றாக இருக்கிறது என்று அவர் சத்தியம் செய்வார். அதை அடித்துக் காட்டத்தான் பேட்டரி இல்லை.

இப்படிப்பட்டவர் ஒருவரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பெயர் வேண்டாம். அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே அவருக்குப் பெயர் கிடையாது, 'மட்டும்தான் சார்' என்றால்தான் தெரியும். அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. கோடு போட்டால் கோடு நிற்கும், எழுத்து எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஒழுங்கான மனிதர் நான்கு வருடத்துக்கு முன்பு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை எதற்காக நிறுத்தினார்?

இந்தக் கேள்விக்குப் பதில் அவர் மனைவிக்குத் தெரியும். அவள் லைசென்ஸ் வாங்கிய மூன்றாவது வாரம், கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது இடது பக்கக் கதவில் ஒரு கோடு விழுந்தது. விரல் நீளம்கூட இருக்காது. அவர் திட்டவில்லை. குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், உள்ளே போய்விட்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "வண்டிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கலாம்னு பாக்கறேன்" என்றார். ஓய்வு நான்கு வருடமாயிற்று. அவள் லைசென்ஸ் அலமாரியில் இருந்தது, அவள் பேருந்தில் இருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்தினாலும் முறைப்படி நிறுத்தினார். இந்த இனத்தார் வண்டி ஓட்டும்போது காட்டாத அக்கறையை எல்லாம் ஓட்டாதபோது காட்டுவார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினார், வைப்பரைத் தூக்கி அடியில் காகிதம் வைத்தார், டயருக்கு ஒரு பங்கு காற்று கூடுதலாக அடித்தார், ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டுச் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்தார், இருக்கைகளில் அந்துருண்டை போட்டார். இப்படி எட்டுக் காரியங்கள். எட்டையும் தம் அச்செழுத்தில் ஒரு தாளில் வரிசையாக எழுதி, திரும்ப எடுக்கும்போது உதவும் என்று பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தார். வீட்டில் பத்திரமாக வைத்த பொருள் எதுவும் தேடும்போது கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸை மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்தார். நிற்கிற வண்டி யார்மேல் போய் மோதும் என்று அவள் ஒருமுறை கேட்டாள். சட்டம் தெரியாமல் பேசாதே என்றார்.

இப்படியே இருந்திருந்தால் வண்டி உறைக்குள்ளேயே அமரத்துவம் அடைந்திருக்கும். நடுவில் ஒரு கடிதம் வந்தது.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். ஊசி குத்தியதே தெரியாது என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகும் கை. புறவழிச் சாலைக்கு அப்பால் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள், அதற்கு நீங்களே பொறுப்பு என்று கடிதம் சொன்னது. அவளுக்குக் கீழே ஐந்து பேர், தனி மேசை, கதவில் பெயர். ஒரே ஒரு நிபந்தனை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் காலை ஆறு மணிக்கே திறந்தாக வேண்டும். அந்தப் பக்கம் முதல் பேருந்தே ஆறரைக்குத்தான். வர முடியுமா முடியாதா என்று அடுத்த வார சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள்.

"ஒண்ணும் கவலப்படாத. வண்டிய எடுத்துடலாம். நானே கொண்டு விடறேன்" என்றார் நம்மவர்.

"நீங்க எட்டு மணிக்குத்தான எழுந்திருப்பீங்க?"

"அது பழக்கம் மட்டும்தான். மாத்திக்கலாம்."

மறுநாளே அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காலையில் உறையை நீக்கும் வைபவம் நடந்தது. நான்கு வருடத்துத் தூசி எழுந்து மாடி வரைக்கும் போனதில், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் தும்மிக்கொண்டே இறங்கி வந்தார். பானெட் திறக்கப்பட்டது. இங்கே ஒரு பொது விதியைக் கவனிக்க வேண்டும். திறந்த பானெட்டைப் பார்த்துவிட்டால் எந்த ஆணாலும் பேசாமல் போக முடியாது. உள்ளே இருப்பதில் பாதிக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பக்கத்தில் வந்து நின்று, கழுத்தை நீட்டி, கடைசியில் கேட்டே தீருவான்.

"பெட்ரோல் இருக்கா சார்?" என்றார் பல் டாக்டர்.

நம்மவர் பேட்டரி முனையில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பல்லுல வர்ற காரை மாதிரியே இருக்கு" என்றார் டாக்டர்.

"கார்ல வந்தா அதுவும் காரைதான்" என்று நம்மவர் சிரித்தார். அன்று முழுக்க இந்த நகைச்சுவையை அவர் நான்கு பேரிடம் சொன்னார். சுரண்டுவதற்கு எடுத்தது மனைவியின் பல் தேய்க்கும் பிரஷ் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பேட்டரி கடைக்குப் போய் சார்ஜ் ஏறி வந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். ஆனால் நான்கு வருடம் வாய் திறக்காத வண்டி ஒரு 'டிக்' சொன்னதே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. புது பேட்டரி வந்தது. பெட்ரோல் கெட்டுப்போய்ப் பழைய பெயிண்ட் டப்பா வாடை அடித்தது. அதைக் குழாய் போட்டு வடித்துப் புதிது ஊற்றினார். தரையில் பட்டிருந்த பக்கம் தட்டையாகிப் போன டயர்களுக்குக் காற்று அடித்தார். நடுநடுவே போனில் வீடியோ பார்த்தார். எங்கேயோ ஒரு தேசத்தில், காட்டுக்குள் நாற்பது வருடம் கிடந்த டிராக்டரை ஒருவன் பன்னிரண்டு நிமிடத்தில் கிளப்பிவிடுகிறான். "பாத்தியா? நாப்பது வருஷம். நம்மளது நாலுதான். கிளம்பினதும் அரை மணி நேரம் அணைக்காம ஓட்டணுமாம்" என்று அவளிடம் காட்டினார். அந்த டிராக்டர்காரனை வேலைக்குப் போக வேண்டிய யாராவது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று வீடியோவில் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவள் வேலை என்ன? சாவி திருப்புவது. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, டீயைக் குடித்தும் குடிக்காமலும் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார வேண்டும். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு குரல் மட்டும் கொடுப்பார். "திருப்பு." திருப்புவாள். "நிறுத்து." நிறுத்துவாள். "நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் நிறுத்தற?" "நீங்கதான நிறுத்துன்னீங்க?" "அது உனக்கில்ல, டாக்டருக்குச் சொன்னேன்." மாலை பூரா இதுதான். திறந்த பானெட் கண்ணாடியை மறைத்துவிடுவதால், பன்னிரண்டு நாளும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தகரமும் அதற்குப் பின்னாலிருந்து வரும் உத்தரவும்தான்.

வண்டியை நிறுத்தியபோது செய்த எட்டுக் காரியங்களில் ஏழைத் திரும்பச் சரிசெய்துவிட்டார். எட்டாவது நினைவுக்கு வரவில்லை. "ஏதோ சின்னதுதான். எலி கிலின்னு ஏதோ ஒண்ணு" என்றார். தாளை ஒருநாள் தேடினார், பிறகு விட்டுவிட்டார்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை வண்டி கிளம்பியது. உண்மையாகவே கிளம்பியது. உறுமி, உடம்பை ஒரு தடவை உலுக்கி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் மூச்சு அடைத்த மாதிரி அணைந்தது. மறுபடி திருப்பினாள். மறுபடி மூன்று விநாடி. பத்துத் தடவை திருப்பியும் அதே மூன்று விநாடிதான்.

"கேட்டியா சத்தத்த? இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று அவர் முகமெல்லாம் எண்ணெயோடு வந்து நின்றார்.

"நின்னுடுச்சேங்க."

"பிரச்சினை மூணு செகண்டுக்கு அப்புறம் மட்டும்தான்."

அவள் வியாழக்கிழமை கூடத்திலிருந்து வரும்போது தெருமுனை மெக்கானிக்கைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். இந்த இனத்தாருக்கு மெக்கானிக் என்றால் ஆகாது. நல்லாயிருக்கும் பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார்கள் என்று திடமாக நம்புவார்கள். நம்மவர் காருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் வந்து நின்றார். "பாருங்க. ஆனா தொடாதீங்க" என்றார். பிறகு இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று மெக்கானிக்குக்கே அரை மணி நேரம் விளக்கினார். ஒரு காகிதத்தில் படமும் போட்டார். படம் பிரமாதமாக இருந்தது. மெக்கானிக் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கே எல்லாம் தெரியுதே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"கேட்டியா? மெக்கானிக்கே சொல்லிட்டாரு" என்றார் மனைவியிடம்.

வெள்ளிக்கிழமை அவள் மேலாளருக்கு அனுப்ப ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக.' குடும்பச் சூழ்நிலை ஷெட்டில் நின்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு வருடத்துக்கு அப்புறம் கதவில் வரப்போகும் பெயர் ஒரு மூன்று விநாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

சனிக்கிழமை மூன்றரை மணி. நம்மவர் பானெட்டுக்குள். பக்கத்தில், பல் பார்க்கும் சின்ன டார்ச்சை அடித்தபடி டாக்டர். மனைவி இருக்கையில். திருப்பு, மூன்று விநாடி, நிறுத்து. திருப்பு, மூன்று விநாடி, நிறுத்து.

"ஒரு வாளி தண்ணி கொண்டாயேன். கை பிசுபிசுன்னு இருக்கு" என்றார் அவர்.

காரின் முகம் தெருவைப் பார்த்திருக்கும், முதுகு சுவரைப் பார்த்திருக்கும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளி. வாளியும் துடைப்பமும் அங்கேதான் கிடந்தன. பன்னிரண்டு நாளில் வண்டியின் முகத்தை எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். முதுகுப் பக்கம் போனவர் ஒருவரும் இல்லை. அவள் ஒருக்களித்து நுழைந்து வாளிக்குக் குனிந்தபோது, சைலன்சர் குழாயின் வாயில் நீலக் கோடு போட்ட துணி நுனி ஒன்று தெரிந்தது.

பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. கை வந்தது, காலர் வந்தது, முதல் பொத்தான் போட்டபடியே ஒரு முழுக்கைச் சட்டை வெளியே வந்தது. எலி நுழையாமல் இருக்க அடைத்த சட்டை. எட்டாவது காரியம்.

வண்டிக்கு மூச்சு விட வழியில்லை. இதுதான் விஷயம். பேட்டரியும் இல்லை, டயரும் இல்லை, அவருடைய சட்டை மட்டும்தான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். சட்டையை அப்படியே கொண்டுபோய் டாக்டர் முன்னால் பானெட்டின் மேல் விரித்துப் போட்டால் என்ன என்று இருந்தது. அடுத்து வந்தது சிரிப்பு. அதற்கடுத்து வந்தது கணக்கு. இருபது வருடமாக இந்த மனிதரைத் தெரியும். நாலு பேர் முன்னால் இதைக் காட்டினால் கோபித்துக்கொண்டு உறையை எடுத்துப் போர்த்திவிட்டு உள்ளே போய்விடுவார். இன்னொரு நான்கு வருடம் வண்டிக்கு ஓய்வு. மணி நாலாகப் போகிறது. அவள் சட்டையைச் சுருட்டித் துடைப்பத்துக்குப் பின்னால் வைத்தாள். வாளியில் தண்ணீர் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, போய் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒரு தடவ பாத்துடலாங்க."

"இரு, இரு. இந்த ஸ்க்ரூவ ஒரு கால் திருப்பு திருப்பிக்கறேன்." அது எதற்கான ஸ்க்ரூ என்று அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கால் திருப்பு திருப்பினார். "ம். இப்ப."

திருப்பினாள். உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. ஐந்து. டாக்டர் டார்ச்சை அணைத்தார். சுவரோரம் கரும்புகை ஒரு தடவை குப்பென்று வந்து, வெளுத்து, அடங்கியது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

நம்மவர் நிமிர்ந்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்ல? முதல் குழந்தை பிறந்த செய்தி கேட்டபோதுகூட அவ்வளவு மலரவில்லை.

"நான்தான் சொன்னேன்ல. இந்த ஸ்க்ரூ மட்டும்தான்."

"கைராசி சார் உங்களுக்கு" என்றார் டாக்டர்.

பானெட்டை மூடிவிட்டு ஓட்டுநர் கதவுப் பக்கம் வந்தார். "இறங்கு. நான் ஓட்டறேன். இவ்வளவு நாள் நின்ன வண்டி, இதோட குணம் எனக்குத்தான் தெரியும்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்கதான சொன்னீங்க, கிளம்பின வண்டிய அரை மணி நேரம் அணைக்காம ஓட்டணும்னு? கிளட்ச்ல கால் வெச்சிருக்கேன். மாறி உக்கார்றதுக்குள்ள அணைஞ்சிட்டா?"

"ஆமா சார். எதுக்கு வம்பு" என்றார் டாக்டர்.

தாம் காட்டிய வீடியோவிலேயே மாட்டிக்கொண்ட நம்மவர் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கத்தில் ஏறினார். கேட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். கோடு ஒன்றும் விழவில்லை. பதினொரு கிலோமீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டருக்கு, கால் மிதியில் இல்லாத பிரேக்கை அவர் வலதுகாலால் அழுத்திக்கொண்டே வந்தார். "மெதுவா. மெதுவா. லாரி வருது. எதிர்ல வரல, ஆனா வரும்." புறவழிச் சாலையில் ஏறியதும் அவள் நாலாவது கியருக்குப் போனாள். காற்று உள்ளே வந்தது. பாதி வழிக்கு மேல் அவர் வலதுகால் ஓய்ந்தது. மனைவி நன்றாகவே ஓட்டுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

புதிய கிளையின் வாசலில் நிறுத்தினாள், ஆனால் அணைக்கவில்லை. கதவுகளில் இன்னும் காகிதம் ஒட்டியிருந்தது. போனை எடுத்தாள். மணி நாலு ஐம்பது.

"சார், நான் வந்துடறேன் சார். ஆறு மணிக்கே. வண்டி இருக்கு. இல்ல சார், நானேதான் ஓட்டிட்டு வருவேன்."

அவர் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "அந்த ஸ்க்ரூவ மட்டும் யாரும் தொட்டுடக் கூடாது" என்றார்.

"தொட மாட்டேங்க."

வண்டி இப்போது தினமும் ஐந்தே முக்காலுக்குள் புறவழிச் சாலையில் இருக்கிறது. நம்மவர் எட்டு மணிக்கு எழுந்திருக்கிறார். வாசலில் போகிறவர்களை நிறுத்தி, எல்லோரும் கைவிட்ட வண்டியை ஒரே ஸ்க்ரூவில் எப்படிக் கிளப்பினார் என்று சொல்கிறார். இப்போதெல்லாம் கால் திருப்பு என்றுகூடச் சொல்வதில்லை, மயிரிழைத் திருப்பு என்கிறார். டாக்டர் சாட்சி. அந்தச் சட்டையை மூன்று தடவை துவைத்துப் பார்த்தும் முதுகில் கறுப்பு வட்டம் போகவில்லை. அவள் அதை நாலாக மடித்து, புதிய கிளையில் தன் தனி மேசையின் கடைசி இழுப்பறையில் வைத்திருக்கிறாள். சில நாள் வேலை அதிகமாகிக் களைத்துப்போனால், இழுப்பறையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடுகிறாள். கீழே வேலை செய்கிற ஐந்து பேருக்கும் அம்மா ஏன் தனியாகச் சிரிக்கிறார் என்று தெரியாது.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் காரே இல்லையே என்ற தைரியத்தில் சிரித்தீர்கள். இருக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நின்றுபோய், நீங்கள் சும்மா ஒரு தட்டுத் தட்டியதும் ஓடத் தொடங்கியிருக்குமே? மிக்சியோ, மோட்டாரோ, டிவியோ, பேசாமலிருந்த மகளோ? அன்றிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, நீங்கள் தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கமாகப் போய் வந்தவர் யார் என்று யோசித்ததுண்டா? கேட்டுப் பார்க்க வேண்டாம். கேட்டாலும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கதையை மறுபடி சொல்லும்போது, எந்த முகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது என்று மட்டும் பாருங்கள்.